48,000 கிலோமீட்டரா, 1,12,000 கிலோமீட்டரா? பழைய கார் வாங்கும் குடும்பத்துக்கு

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான், என் கணவர், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் சிரமப்படும் என் மாமியார் என ஐந்து பேர் இருக்கிறோம். முதல் முறையாகக் கார் வாங்குகிறோம்; கையிருப்புக்குப் பழைய கார்தான் கட்டுப்படியாகும். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஆறு ஆண்டு ஆன ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது, புதிது போலப் பளபளக்கிறது. இப்போது விற்பவர் இரண்டாவது உரிமையாளர். சர்வீஸ் ரசீதுகள் தொலைந்துவிட்டன என்கிறார். மற்றொன்று, எட்டு ஆண்டு ஆன, கையால் கியர் மாற்றும் ஹேட்ச்பேக். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது, பம்பரில் கீறல் உண்டு, ஓட்டுநர் இருக்கைத் துணி நைந்திருக்கிறது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒரே உரிமையாளர். ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இரண்டும் பெட்ரோல், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் எல்லோருக்கும் முதல் கார்தான் பிடித்திருக்கிறது. எதை வாங்கலாம்? வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்? இவை இரண்டையும் விட்டுவிட்டு டீசல் கார் தேடுவது நல்லதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், நான் இரண்டாவது காரைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். முதல் கார் மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. அது நல்ல காராகவும் இருக்கலாம். ஆனால் அப்படி நம்புவதற்கு ஓடோமீட்டரில் தெரியும் ஓர் எண்ணையும் மேலே ஏற்றிய பாலிஷையும் தவிர அந்த உரிமையாளர் உங்களுக்கு எதையும் காட்டவில்லை. பழைய கார் வாங்கும்போது நாம் பணம் கொடுப்பது, அந்தக் காரை இதுவரை வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்ட விதத்துக்குத்தான். அதற்குச் சான்று இருக்கும் காரில் கூடுதலாக ஓடிய 64,000 கி.மீ. எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஓடிய தூரம் குறைவாக இருந்தாலே இன்ஜின் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் காரில் இன்ஜின் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதேயில்லை. எரிப்பின்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, ஆவியாகி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படி ஓடும் காருக்கு, தூரம் எட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயில் மாற்ற வேண்டும். "இன்னும் பத்தாயிரம் ஓடவில்லையே" என்று மூன்று ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் விட்ட, குறைவாக ஓடிய இன்ஜினின் உட்புறத்தில் கருப்புக் களிம்பு படிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, காலம் தவறாமல் ஆயில் மாற்றப்பட்ட இன்ஜின் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் திடமாக இருக்கும். ரப்பர் குழாய்கள், பெல்ட்டுகள், டயர்கள், பேட்டரி ஆகியவை தூரத்தால் மட்டுமல்லாமல் வயதாலும் கெடுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அந்த 48,000 என்ற எண்ணே உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. டிஜிட்டல் ஓடோமீட்டரையும் பின்னுக்குத் தள்ள முடியும். ஆகவே காரின் உள்ளே உட்கார்ந்து கால் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். பிரேக் பெடலின் வலது ஓரத்தில் வரிகள் மழுங்கியிருந்தாலும், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் வழவழவென்று மின்னினாலும், ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்துப் பஞ்சு அமுங்கியிருந்தாலும், அந்தக் கார் 48,000 மட்டும் ஓடியது என்பதை நம்பத் தயங்குங்கள். ஆறு வயதுக் காரில் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் புத்தம் புதிதாக இருந்தால், அவற்றை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது காரின் இருக்கைத் துணி நைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1,12,000 கி.மீ. ஓடிய காருக்கு அது பொருத்தமான தேய்மானம். எண்ணும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகின்றன என்பதால் அது எனக்கு நம்பிக்கையையே தருகிறது.

ரசீதுக் கோப்பைக் கையில் வாங்கியதும் அதன் தடிமனைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் அன்றைய ஓடோமீட்டர் அளவும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எண்கள் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். இடையில் இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய ரசீதுகள் எல்லாரிடமும் இருக்கும். பிரேக் ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்), ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் (பிஸ்டன்களோடு ஒத்திசைய வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பெல்ட்) போன்ற, மறந்தாலும் உடனே தெரியாத வேலைகளையும் காலத்தில் செய்த ரசீது இருந்தால்தான் அந்த உரிமையாளர் அக்கறையானவர் என்று சொல்ல முடியும். ஒரே கோளாறுக்கு மூன்று முறை பணிமனைக்குப் போயிருக்கிறதா என்பதும் அந்தக் கோப்பிலேயே தெரிந்துவிடும். முதல் காரின் உரிமையாளரிடம் ரசீது இல்லாவிட்டாலும், அவர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் காரை விட்டிருந்தால் அங்கே கணினியில் பதிவு இருக்கும். காரின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தப் பதிவை எடுத்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள். அதற்கு உடனே சம்மதிப்பவரின் காரை நானும் மறுபடி யோசிப்பேன். தட்டிக்கழித்தால் அந்தக் காரை அதோடு விட்டுவிடலாம்.

பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில், கார் உலர்ந்திருக்கும் வேளையில் போங்கள். மழைத் துளிகளும் இரவு விளக்கும் வண்ணத்தின் குறைகளை மறைத்துவிடும். நீங்கள் வரும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். முடிந்தால் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜின் முதன்முதலாக உயிர்பெறும் அந்தச் சில நொடிகளில்தான் பல நோய்கள் வெளிப்படும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடவென்ற ஓசை சில நொடிகள் கேட்டு அடங்கும். இன்ஜின் சூடாகிவிட்டால் அது கேட்காமலே போகலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்பது நல்லது. குளிர்ந்த வேளையில் சிறிது நேரம் வெண்ணிற நீராவி வருவது இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை இனிப்பு வாடையோடு தொடர்ந்தால், கூலன்ட் எரிகிறது. பெரும்பாலும் இன்ஜினின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கசிவின்றி இணைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மேல் போவதைக் காட்டும். மூன்றிலும் சரிசெய்ய எளிதானது கடைசியாகச் சொன்னதுதான்.

பிறகு இன்ஜினை அணைத்து, ஆறிய பின் ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர் போன்ற வெளிறிய படிவு நிறைய இருந்தால், ஆயிலோடு கூலன்ட் கலந்திருக்கலாம், அல்லது நான் மேலே சொன்ன குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். எது என்பதை ஆயில் குச்சியும் கூலன்ட் தொட்டியும் சொல்லும். குச்சியில் உள்ள ஆயிலும் பால் கலந்தது போல இருந்தாலோ, கூலன்ட்டின் மேல் எண்ணெய் மிதந்தாலோ, அந்தக் காரை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கொதிநிலைக் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். இன்னொன்று: பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் கழுவித் துடைத்துப் பளபளத்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஆயில் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் படிந்த தூசியும் கறையும்தான் காட்டும்; கழுவிய இன்ஜினில் அந்தத் தடயம் போய்விடுகிறது. அப்படிப்பட்ட காரை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள்.

இரண்டாவது காரில் நீங்கள் மிகக் கவனமாகக் கேட்டறிய வேண்டியது டைமிங் பெல்ட் பற்றி. சில இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் இந்த வேலையை உலோகச் செயின் செய்கிறது, சிலவற்றில் ரப்பர் பெல்ட் செய்கிறது. அந்தக் காரில் எது இருக்கிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும். பெல்ட் என்றால், தயாரிப்பாளரைப் பொறுத்துப் பெரும்பாலும் 60,000 முதல் 1,60,000 கி.மீ. வரையிலான ஏதோ ஓர் எல்லையிலும், தூரம் எட்டாவிட்டாலும் குறிப்பிட்ட ஆண்டுகளிலும் அதை மாற்றியாக வேண்டும். பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அதன்பின் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அறுவதற்கு முன் பெல்ட் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராது. 1,12,000 ஓடிய, எட்டு வயதுக் காரில் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடித்தபடி அதோடு சுழலும் டென்ஷனரும், பல கார்களில் அந்தப் பெல்ட்டாலேயே இயங்கும் வாட்டர் பம்பும் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஆகும் தொகையைக் கேட்டறிந்து விலையில் கழியுங்கள். இது பேரத்தில் நியாயமாகக் கேட்கக்கூடிய தொகை. உண்மையான உரிமையாளர் இதைப் புரிந்துகொள்வார். சில சிறிய டர்போ இன்ஜின்களில் பெல்ட் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடுகிறது. அவற்றில் தவறான ஆயில் ஊற்றினாலோ மாற்றத் தாமதித்தாலோ, பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். அந்த வகை இன்ஜின் என்றால் முழு ரசீது வரலாறு இல்லாமல் தொடவே வேண்டாம்.

முதல் காரில் இதே அளவு கவனம் கேட்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஆயிலின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய முறை, பெல்ட்டும் புல்லியும் கொண்ட சி.வி.டி., இரட்டைக் கிளட்ச், சாதாரணக் கியர்பாக்ஸைக் கருவி கொண்டு மாற்றும் ஏ.எம்.டி. என்று நான்கு வகைகள் சிறிய குடும்பக் கார்களில் வருகின்றன. விற்பவரிடம் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் எந்த வகை என்று கேளுங்கள். சி.வி.டி.யில் மெதுவாக நகரத் தொடங்கும்போது நடுக்கமோ, வேகம் ஏறும்போது ஊளையிடும் ஓசையோ இருக்கக் கூடாது. உலர் இரட்டைக் கிளட்ச் வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடினால் சூடேறித் தேயும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் குலுக்கல் இருந்தால் அதுவே அறிகுறி. ஏ.எம்.டி.யில் தேய்வது சாதாரணக் கிளட்ச்தான், செலவும் ஓரளவு தாங்கும். மற்றவற்றைச் சரிசெய்யும் செலவு காரின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கார் நின்றிருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடி பின்செல்லும் கியருக்கும், பிறகு முன்செல்லும் கியருக்கும் மாற்றுங்கள். கியர் பிடிக்க ஓரிரு நொடிக்கு மேல் தாமதமானாலோ, "டொக்" என்று இடித்தாலோ கவனமாகுங்கள். சிறு மேட்டில் காரைப் பின்னோக்கி மெதுவாக ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த கியர்பாக்ஸ் அங்கே திணறும். கியர்பாக்ஸ் ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று சில கையேடுகளில் இருக்கும். ஆனால் கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான இசட்.எஃப்., தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றும்படி பரிந்துரைக்கிறது; பல சி.வி.டி. கார்களுக்கு அதைவிடக் குறைந்த இடைவெளியும் சொல்லப்படுகிறது. உங்கள் முதல் காரில் இதற்கான ரசீது இல்லை என்பதுதான் அந்தக் காரைப் பற்றிய என் தயக்கத்தின் மையம்.

அடுத்தது உடல் பகுதி. பம்பரில் கீறல் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும் விபத்தில் சிக்கி டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த கார்தான் கவலைக்குரியது. பானெட்டைத் திறந்து, முன்பக்க ஃபெண்டரை (சக்கரத்தின் மேலுள்ள தகட்டை) காரோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலையை உற்றுப் பாருங்கள். தொழிற்சாலையில் பொருத்தி, அதன் மேல் வண்ணம் ஏறிய போல்ட்டின் ஆறு முனைகளிலும் வண்ணம் குலையாமல் இருக்கும். ஸ்பானர் பட்ட போல்ட்டில் முனை வண்ணம் உரிந்து, உலோகம் கோடாகத் தெரியும். அந்த ஃபெண்டர் கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஏன் என்பதை உரிமையாளர் சொல்ல வேண்டும். பிறகு டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். அங்கே தகடு நெளிந்திருந்தாலோ, சீரான புள்ளி வெல்டிங்குக்குப் பதில் ஒழுங்கற்ற வெல்டிங் இருந்தாலோ, பின்பக்கம் பலமாக அடிபட்டிருக்கிறது. கதவுகளின் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வண்ணத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவி மெக்கானிக்கிடம் இருந்தால் வேலை எளிது. தொழிற்சாலை வண்ணம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் பல நூறு மைக்ரான் காட்டினால், அடியில் பட்டி பூசப்பட்டிருக்கிறது. ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்திருப்பது குற்றமல்ல. கூரையைத் தாங்கும் தூண்களிலும் கீழ்ச்சட்டத்திலும் அப்படி இருந்தால்தான் அது பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகுதியற்ற கார் ஆகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் நீர் வடிந்து சில மாதங்களில் வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டுகளைக் கடைசி முனை தெரியும்வரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் அந்தப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடும் பூஞ்சை நாற்றமும் அங்கே நிற்கும். இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் படிவு, விரிப்பின் அடியில் ஈரம் ஆகியவையும் சான்றுகளே. வாசனைத் திரவியம் கமகமவென்று வீசினால், கண்ணாடிகளை ஏற்றி மூடி, சிறிது நேரம் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். மூழ்கிய காரின் மின் இணைப்புகள் மெல்ல அரித்து, ஓர் ஆண்டு கழித்தும் கோளாறு கொடுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

டயர், பிரேக், பேட்டரி ஆகியவை மாற்றக்கூடியவை என்பதால் இவற்றின் குறை விலை பேசுவதற்கு உதவும், காரை ஒதுக்குவதற்கு அல்ல. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வரிகளின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக் கூடாது. டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை. விபத்தில் சட்டம் வளைந்ததாலும் அப்படி ஆகலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். மலைச்சரிவில் நீண்ட நேரம் பிரேக் பிடித்து வரும்போது ஆயில் கொதித்து, பெடல் வெறுமனே அமுங்கிப் போவது இதனால்தான். வாங்கியவுடன் இதை மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. குறைந்தது அரைமணி நேரம், குண்டும் குழியுமான தெரு, நெரிசல், வேகமாகப் போகும் சாலை மூன்றும் இருக்கும்படி ஓட்டுங்கள். பாட்டு ஓடினால் நிறுத்திவிடுங்கள். சமமான நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை இலேசாகப் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் நேராக நிற்க வேண்டும், ஸ்டீயரிங் நடுங்கக் கூடாது. காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள்; முன் சக்கரப் பக்கம் "டக், டக்" என்று சீராக ஓசை வந்தால் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் இணைப்பு தேய்ந்திருக்கிறது. இரண்டாவது காரில் கிளட்சைச் சோதிக்க, நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். இன்ஜின் வேகம் மட்டும் எகிறி, கார் அதற்கேற்ப வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 1,12,000 ஓடிய காரில் கிளட்ச் மாற்றும் காலம் நெருங்கியிருப்பது இயல்பே. அதையும் கணக்கில் சேருங்கள். ஏ.சி.யையும் ஹீட்டரையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இன்ஜின் சூடான பின்பும் ஹீட்டரில் வெப்பம் வராவிட்டால் கூலன்ட் ஓட்டத்தில் தடை இருக்கலாம்.

சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாத விளக்கை யாரும் கவனிப்பார்கள். எரியவே எரியாத விளக்கைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். ஏர்பேக் விளக்கு தொடக்கத்தில் எரியாவிட்டால், கோளாறை மறைக்க அந்த விளக்கையே துண்டித்திருக்கக் கூடும். அடுத்ததாக, மெக்கானிக்கிடம் ஸ்கேனரைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட, காரின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் ஓ.பி.டி. இணைப்பு, இப்போதைய கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று ஸ்கேனர் சொன்னால் அதோடு முடிந்துவிடவில்லை. காலையில்தான் குறியீடுகளை அழித்திருந்தால், காரின் கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளில் பல "முடியவில்லை" என்று காட்டும். அவை முடிய காரைப் பல விதமாக ஓட்டியாக வேண்டும். ஸ்கேனர் பிடித்தவரிடம் இதைப் பார்த்துச் சொல்லும்படி தனியாகக் கேளுங்கள். சில கார்களில் ஓடிய தூரம் வேறு கணினிகளிலும் பதிவாகியிருக்கும். ஓடோமீட்டரோடு ஒப்பிட அதுவும் உதவும்.

இனி உங்கள் குடும்பத்துக்கே உரிய சங்கதி. கார் பார்க்கப் போகும்போது மாமியாரையும் பிள்ளைகளையும், இருந்தால் சைல்டு சீட்டையும் அழைத்துப் போங்கள். பின் இருக்கையில் மூன்று பேர் அமரலாம் என்று காரின் விவரக் குறிப்பில் இருக்கும். ஆனால் சிறிய காரில் சைல்டு சீட்டும், பெரிய பிள்ளைக்கான பூஸ்டரும் இரு ஓரங்களில் ஏறியபின் நடுவில் ஒரு பெரியவர் உட்காரப் பெரும்பாலும் இடம் போதாது. அதைக் கடையிலோ வீட்டிலோ உட்கார்ந்து யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொருத்தித்தான் பார்க்க வேண்டும். மாமியார் முன் இருக்கையில் அமர்ந்தால், பின்னால் நடுவில் உட்காரப்போவது நீங்களோ உங்கள் கணவரோதான். நீங்களே உட்கார்ந்து பாருங்கள். நடு இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா, இடுப்புக்கு மட்டுமா என்று கவனியுங்கள். இடுப்புக்கு மட்டும் என்றால் ஐந்து பேர் செல்லும் குடும்பத்துக்கு அந்தக் கார் வேண்டாம். சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கையின் மடிப்புக்குள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு, மிகத் தாழ்ந்த இருக்கையைவிட இடுப்பு உயரத்துக்கு அருகில் இருக்கும் இருக்கையே ஏறி இறங்க எளிது. மாமியாரை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லி, அவருடைய முகத்தைப் பாருங்கள். சங்கடம் தரக் கூடாது என்று அவர் வாயால் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்லக்கூடும்.

ஏர்பேக் பற்றி ஒன்று. டக்காட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் உள்ள அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் நாள்படத் தாக்கும்போது நிலைகெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கிறது. 2008இல் தொடங்கி, பல தயாரிப்பாளர்களின் கார்களில் உலகெங்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. எந்தக் காராக இருந்தாலும் எழுத்துகளும் எண்களுமாக 17 குறிகள் கொண்ட அதன் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலோ சர்வீஸ் நிலையத்திலோ கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருவார்கள்.

அதே சேசிஸ் எண் பதிவுச் சான்றிதழிலும், காரின் சட்டத்திலும், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் அதில் வராது. விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். கார் மீது வங்கிக் கடன் நிலுவை இருந்தால், அது அடைந்ததற்கான கடிதம் வந்தபின் மட்டும் முழுப் பணத்தைக் கொடுங்கள். இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குங்கள். தொலைந்த சாவிக்கு மாற்று செய்வது இப்போது செலவு பிடிக்கும் வேலை.

இவ்வளவையும் நீங்களே செய்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நான் சொன்னவற்றில் பாதியை நீங்கள் பார்த்து, தேறிய காரை மட்டும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த நினைப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதைப் போன்றது. இந்தச் சோதனைக்கு விற்பவர் மறுத்தால் மறுபேச்சில்லாமல் விலகிவிடுங்கள். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

டீசல் வேண்டாம் என்பதே என் கருத்து. புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிந்து தீர, காரை நல்ல வேகத்தில் தொடர்ந்து சிறிது நேரம் ஓட்ட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் குடும்பக் காரில் அந்த வாய்ப்பு அமைவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு அதிகம். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குத்தான் டீசலின் சிக்கனம் கைகொடுக்கும்.

ஆகவே இரண்டாவது காரின் உரிமையாளரை அழைத்து, காலையில் இன்ஜினை இயக்காமல் வைத்திருக்கும்படி சொல்லி, கோப்போடு காரைப் பாருங்கள். டைமிங் பெல்ட் ரசீதும், வழுக்காத கிளட்சும், கழற்றப்படாத ஃபெண்டர் போல்ட்டுகளும், பின் இருக்கையில் நீங்கள் அமரப் போதிய இடமும் இருந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவரும் சரி என்றால் வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றி, அன்றைய தேதியையும் ஓடோமீட்டர் அளவையும் குறித்த ரசீதை அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பெல்ட் மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால், முதல் நெடும்பயணத்துக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.